செஞ்சு காட்டச் சொன்ன டொக்டர்

யாராவது "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொன்னாலும் வருகிறது, பூசை முடிந்து கோயில் வாசலில் சொந்தக்காரர் சொன்னாலும் வருகிறது. இது ஒரு வியாதி என்கிறாள் என் மனைவி. வியாதிதான். இதை எனக்கு ஒட்டிவிட்டுப் போனவர் ஓர் எலும்பு டொக்டர். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் போட்டு நாலு நல்ல வார்த்தை எழுதினால், "வாயால சொல்லாதீங்க அண்ணன்" என்று அங்கிருந்தே திட்டுவார்.

நான் மாத்தளைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பிளாஸ்டர் ரூமில் வேலை பார்த்தவன். கை முறிந்தவர், கால் முறிந்தவர், கித்துள் மரத்திலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளோடு சாக்கடைக் கானுக்குள் போனவர் எல்லாரும் என் கையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவார்கள். மாவுக்கட்டுப் போடுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. டொக்டர்மார் வருவார்கள், போவார்கள். நான்தான் அங்கேயே இருந்தேன்.

அவர் வந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. நான் போட்டு முடித்த கட்டு ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன், இது கட்டைவிரல மடிக்க விடுமா?" என்றார்.

"விடும் மிஸ். இருவது வருசமா போடுறேன்."

"வாயால சொல்லாதீங்க. செஞ்சு காட்டுங்க. எனக்குப் போடுங்க." இடது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முறியாத கைக்கு மாவுக்கட்டுப் போட்டது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். அந்தக் கட்டோடேயே அன்றைக்குக் கிளினிக் பார்த்தார், பனிஸ் தின்றார், கதவு திறந்தார், வீட்டுக்கும் போனார். வாசலில் நின்ற த்ரீவீல்காரர்கள் டொக்டருக்கே கை முறிந்துவிட்டது என்று பரிதாபப்பட்டார்கள். மறுநாள் காலை கட்டை வெட்டி எடுத்தபோது கட்டைவிரலின் அடியில் சிவப்பாக ஒரு கோடு. "பாத்தீங்களா? இங்க வெட்டுது. ஒரு விரல்கடை குறைச்சுப் போட்டா வெரல் அசையும்" என்றார். நான் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு விரல்கடை குறைத்துத்தான் போட்டேன்.

அந்த டொக்டர் மனுசிக்குப் பேச்சில் நம்பிக்கையே கிடையாது. பல்லேபொலயிலிருந்து வந்த ஒரு தாத்தா, கால் நன்றாகச் சுகமாகிவிட்டது என்று கும்பிட்டார். அவரை வராந்தாவின் மூன்று படிகளில் ஏறச் சொன்னார். இரண்டாம் படியிலேயே தாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாவுலயிலிருந்து வந்த விவசாயி ஒருவர் தோளில் வலியே இல்லை என்றார். டொக்டர் ஆஸ்பத்திரித் தோட்டக்காரரின் மண்வெட்டியை வாங்கி அந்த விவசாயியின் கையில் கொடுத்தார். அவர் நாலு கொத்துக் கொத்திவிட்டு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "வலிக்குது நோனா" என்று அப்போதுதான் சொன்னார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். நின்றுகொண்டே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். உக்குவளையில் அவருடைய வாப்பா சாதிக்காய், கராம்பு வாங்கி விற்கும் வியாபாரி. நானும் உக்குவளைக்காரன்தான், அந்தக் கடை எனக்குத் தெரியும். "வாப்பா சாக்குக்காரன் சொல்றத ஒருநாளும் கேக்கமாட்டாரு அண்ணன். சாக்கோட அடியில கைய விட்டு ஒரு காய எடுத்து ஒடச்சிப் பார்ப்பாரு. மேல இருக்குறது எல்லாமே நல்ல காய்தானே" என்றார்.

ராக்கம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உக்குவளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். பால் வெட்டு விடிந்ததும் விடியாததுமாகத் தொடங்கும். பனி ஈரத்தில் சரிவில் இறங்கும்போது வழுக்கினால் கையை ஊன்றித்தான் விழுவார்கள். மணிக்கட்டு போய்விடும். ராக்கம்மாவுக்கு வலது மணிக்கட்டு. நான்தான் கட்டுப் போட்டேன். ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருந்தது. எங்கள் புத்தகங்களில் அவள் சுகமானவள்.

"எப்படிக்கா இருக்கு?" என்று டொக்டர் கேட்டார்.

"நல்லா இருக்கு டொக்டரம்மா."

"பால் வெட்டுறீங்களா?"

"வெட்டுறேன்."

"எப்படி வெட்டுவீங்க? செஞ்சு காட்டுங்க." மேசையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். ராக்கம்மா சிரித்துக்கொண்டே பேனாவை அப்படி இப்படி ஆட்டினாள். டொக்டருக்குத் திருப்தி இல்லை. பேனாவை ஆட்டுவது பால் வெட்டாகுமா? அடுத்த தடவை வரும்போது கத்தியையும் கொண்டு வாருங்கள், ஒரு துண்டு மரத்தையும் கொண்டு வாருங்கள் என்றார்.

தோட்டத்தில் அப்போது கிழட்டு மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். ராக்கம்மா அடுத்த வாரம் த்ரீவீலில் ஒரு ரப்பர் கட்டையை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். பட்டை உரியாத கட்டை, என் இடுப்பளவு உயரம். அதை பிளாஸ்டர் ரூம் மூலையில் நிறுத்தி, ஆடாமல் இருக்க மாவுக்கட்டுத் துணியாலேயே சுவர்க் குழாயோடு சேர்த்துக் கட்டினேன். ஆஸ்பத்திரியே வந்து பார்த்துச் சிரித்தது.

ராக்கம்மா கத்தியை வைத்து இழுத்தாள். பால் வெட்டு தெரிந்தவர்களுக்குத் தெரியும், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அதற்கு மணிக்கட்டு திரும்ப வேண்டும். ராக்கம்மாவின் மணிக்கட்டு திரும்பவில்லை. முழங்கையையும் தோளையும் சேர்த்துத் தள்ளினாள். கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கி நின்றுவிட்டது. அவள் அதைப் பிடுங்கப் பார்த்தாள், முடியவில்லை.

"காட்டுல இப்படி வெட்டுனா கங்காணி என்ன சொல்லுவாரு?"

"அரப்பேருதான் போடுவாரு" என்றாள். முழு நாளும் வேலை செய்து அரைநாள் சம்பளம் வாங்குவதுதான் அரைப்பேர். "அதான் நம்ம மக வந்து பாதி மரம் வெட்டிக் குடுக்குறா. படிப்பு முடிஞ்சிச்சுதானே." மகளுக்குப் பதினாறு வயது. படிப்பு முடியவில்லை, முடித்துக்கொண்டார்கள்.

டொக்டர் அந்த வெட்டின் ஆழத்தை அளந்தார், படம் எடுத்தார், தேதி எழுதினார். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு மணிக்கட்டு முறிந்து "நல்லா இருக்கு" என்று சொன்ன ஒவ்வொரு பால்வெட்டுக்காரியும் அந்தக் கட்டையில் வெட்டிக் காட்ட வேண்டும். பாதிப் பேருக்கு மேல் கத்தி மரத்தில் இறங்கியது. அவருடைய கேள்வி எனக்கே விளங்கிவிட்டது. எலும்பு ஒட்டுவது வேறு, கை வேலைக்குத் திரும்புவது வேறு. யாருக்கு மாவுக்கட்டுப் போதும், யாருக்கு முதலிலேயே கம்பி வைக்க வேண்டும், யாருக்குக் கட்டு அவிழ்த்த நாளிலிருந்தே கையைப் பழக்க வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தால் ராக்கம்மாவின் மகள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். அவ்வளவுதான். இதற்கு ராக்கெட் விடத் தேவையில்லை. ஒரு எக்ஸ்ரேக்காரர், கை பழக்கிவிட ஒரு ஆள், தோட்டம் தோட்டமாகப் போக ஒரு வண்டி, டொக்டருக்கு வாரத்தில் இரண்டு நாள். இதற்குத்தான் அவர் காசு கேட்டார்.

எனக்கு வயிறு எரிகிற இடம் இனித்தான் வருகிறது.

விண்ணப்பங்களை அவர் என் பிளாஸ்டர் ரூமில் உட்கார்ந்துதான் எழுதினார். அங்கே மட்டும்தான் ஒழுங்கான ஃபேன் இருந்தது. லெப்டொப்பின் எழுத்துகளுக்கு இடையில் வெள்ளை மாவு. நிபந்தனைகளை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவார். ஒன்றில், விண்ணப்பிப்பவர் பல்கலைக்கழகத்தில் பதவி வகிக்க வேண்டும். இன்னொன்றில், டொக்டர்மாருக்குப் படிப்பிக்கிற போதனா வைத்தியசாலையாக இருக்க வேண்டும். அப்படியென்றால் எலும்பு முறிகிறவர்கள் எல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் போய் விழ வேண்டுமா? இன்னொன்று, இதற்கு முன் இதே மாதிரி உதவி வாங்கி ஆராய்ச்சி செய்திருக்க வேண்டும் என்றது.

"நீந்தப் பழகிட்டு வந்து தண்ணியில எறங்குன்னு சொல்றாங்க" என்றேன்.

"அதேதான் அண்ணன்" என்று அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

செயற்கை மூட்டு, தகடு, ஆணி இவற்றை வைத்து ஆராய்ச்சி என்றால் விற்கிற கம்பெனிக்காரர்கள் ஓடி வருவார்களாம். ரப்பர் காட்டுக்காரியின் மணிக்கட்டில் விற்க என்ன இருக்கிறது? ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று கிடைத்தது. சிகிச்சையும் பார்த்துக்கொண்டு ஆராய்ச்சியும் செய்ய விரும்பும் இளம் டொக்டர்மாருக்கென்றே கொடுக்கிற உதவி. இளம் என்றால் நிபுணராகிச் சில வருடங்களுக்குள் இருக்க வேண்டும். எங்கள் நாட்டில் நிபுணராகி வேலை இடம் கிடைத்து உட்கார்வதற்குள் தலை நரைத்துவிடும். இவருக்கு அந்தக் கணக்கில் கடைசி வருடம் அது.

"புள்ள பொறந்து வீட்டுல இருந்த வருசத்தக் கழிப்பாங்களா மிஸ்?"

"சிலதுல கழிப்பாங்க. இதுல இல்ல."

ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிய சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு எங்கள் பெரிய டொக்டரின் கையெழுத்து வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் இவரை ஆராய்ச்சிக்கு விடுகிறோம் என்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. பெரிய டொக்டர், "நல்ல முயற்சி, நாட்டுக்குத் தேவையான முயற்சி" என்று முதுகில் தட்டுவார், பேனாவை மட்டும் எடுக்க மாட்டார். இவர் வருடப் பிறப்பு டியூட்டி, வெசாக் டியூட்டி, நத்தார் டியூட்டி எல்லாம் அவருக்குப் பதிலாகச் செய்தார். தன்னுடைய ஹஜ்ஜுப் பெருநாளன்றும் வந்து நின்றார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு கையெழுத்து விழுந்தது.

அப்புறம் காசு கொடுக்கிறவர்களுடைய கேள்வித்தாள். வெளிநாட்டில் செய்தது, ஒரு சொல் மாற்றக்கூடாது. நான் தமிழில் கேட்க, ராக்கம்மா பதில் சொல்ல, டொக்டர் கோடு போட்டார். கதவுக் குமிழைத் திருக முடிகிறதா?

"எங்க லயத்துக் கதவுல கொண்டிதாண்ணே இருக்கு."

கத்தியால் இறைச்சியை வெட்டிச் சாப்பிட முடிகிறதா?

"எறச்சியா? தீவாளிக்குத்தான். அதையும் கையாலதான் திம்போம்."

எந்தக் கேள்வியையும் விடக்கூடாது என்பதால் எல்லாவற்றுக்கும் 'சிரமமில்லை' என்று கோடு விழுந்தது. டொக்டர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. கேள்வித்தாளோடு கட்டையின் படங்களையும் சேர்த்து அனுப்பினார். அந்தப் படங்கள்தான் அவரைக் கடைசிச் சுற்றுவரை கொண்டுபோயின. கொழும்பிலிருந்து இரண்டு பேர் நேரில் வந்து இடத்தையும் நோயாளிகளையும் பார்ப்பதாகக் கடிதம் வந்தது. அன்றைக்குத்தான் அவர் உட்கார்ந்து பிளேன்டீ குடித்ததை நான் பார்த்தேன்.

"அண்ணன், பழைய கட்டை முழுக்க வெட்டுத்தான், பட்டையும் காஞ்சு போச்சு. ராக்கம்மாகிட்ட புதுசு ஒண்ணு கொண்டுவரச் சொல்லுங்க. அவங்க வந்தா இவங்க வெட்டிக் காட்டட்டும். நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்றார்.

நான் தோட்டத்துக்குப் போனேன். கட்டையைப் பற்றிச் சொன்னேன். ஆனால் அதோடு வாயை மூடிக்கொண்டு வந்தேனா? லயத்து வரிசை வீடுகளின் வாசலில் அத்தனை பேரையும் கூட்டி வைத்து, "பெரிய ஆளுங்க வாறாங்க. டொக்டரம்மாவுக்கு இது வாழ்வா சாவா மாதிரி. அவங்க பேரு கெடாம நல்லபடியா சொல்லுங்க" என்று பிரசங்கம் வைத்தேன். யார் கேட்டார்கள் என் பிரசங்கத்தை?

தோட்டத்துக் காதுகளுக்கு அது எப்படி விழும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் அம்மாவும் லயத்தில் பிறந்தவள்தான். ஃபைல் தூக்கிக்கொண்டு யார் வந்து என்ன கேட்டாலும் அங்கே பதில் ஒன்றுதான். துரை கேட்டாலும் நல்லா இருக்கோம், இன்ஸ்பெக்டர் கேட்டாலும் நல்லா இருக்கோம். வலிக்குது என்று சொன்னவளின் பேர்தான் முதலில் வெட்டுப்படும். அதுவும் நமக்கு வைத்தியம் பார்த்த ஆளைப் பற்றி நாலு பேர் முன்னால் கேட்கும்போது, கை சரியில்லை என்று சொன்னால் அது அந்த வைத்தியத்தைக் குறை சொல்வதல்லவா? சோறு போட்ட வீட்டில் உப்பில்லை என்று யாராவது சொல்வார்களா?

அந்த நாள் காலையில் நான் பழைய கட்டையை அவிழ்த்துப் பின்பக்கம் உடைந்த கட்டில்களோடு போட்டேன். தரையை மருந்து ஊற்றிக் கழுவினேன். வேனில் வந்த பெண்கள் ஏழு பேர். எல்லாரும் பெருநாளுக்குக் கட்டுகிற சேலை. கட்டை இல்லை.

"எங்க ராக்கம்மா கட்ட?"

அவள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "வேணும்னே விட்டுட்டு வந்தேண்ணே. கட்ட இருந்தா வெட்டச் சொல்லுவாங்க. எங்க கையில கோணலாத்தான் வரும். டொக்டரம்மா வெச்ச வைத்தியம் சரியில்லன்னு எழுதிட்டுப் போயிருவாங்கதானே?"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவள் பெரிய புத்திசாலித்தனம் செய்ததாகத்தான் எனக்கும் பட்டது. "சரி, நல்லதுதான்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

வந்த இரண்டு பேரில் ஒருவர் வயதான பேராசிரியர், மற்றவர் குறிப்பெடுக்கும் பெண். குறை சொல்லக்கூடாது, மரியாதையான மனிதர்கள். ஆனால் அவர்கள் வந்து பத்து நிமிடத்தில் பஸ்ஸும் வேனும் மோதிக் காயப்பட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். டொக்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டியதாயிற்று. பெரிய டொக்டர் அன்றைக்கு லீவு. இவர் போகிற போக்கில், "அண்ணன், நீங்க மொழிபெயருங்க. வெட்டிக் காட்டச் சொல்லுங்க, அது போதும்" என்றார். மூலையைப் பார்க்கக்கூட அவருக்கு நேரமிருக்கவில்லை.

பேராசிரியர் சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். கை எப்படி இருக்கிறது?

"நல்லா இருக்கு சார்."

வேலை?

"முழு வேலையும் செய்றோம் சார். டொக்டரம்மா கை பட்டா எல்லாம் சொகந்தான்."

ஏழு பேரும் ஒரே குரலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டுப் பாடுகிற மாதிரி. நான் ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன். பேராசிரியர் குறிப்பெடுக்கும் பெண்ணைப் பார்த்தார், அவர் எழுதிக்கொண்டார். பிறகு பேராசிரியர், படத்தில் இருக்கும் கட்டை எங்கே என்று கேட்டார். இன்றைக்கு இல்லை என்றேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று அப்போதுதான் எனக்கு மெல்ல விளங்க ஆரம்பித்தது. ஆனால் அந்த மனிதர் முன்னால் ஏழு பெண்களையும் பொய்க்காரிகள் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவர்கள் கிளம்புகிற நேரத்துக்கு டொக்டர் ஓடி வந்தார், தியேட்டர் உடுப்பைக்கூட மாற்றாமல். மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரை கழுவ நான் வைத்திருந்த வாளியைக் காட்டினார். நிறையத் தண்ணீர் இருந்தது.

"ராக்கம்மாக்கா, சோத்துக் கையால இதத் தூக்கி அந்தத் தொட்டியில ஊத்துங்க. செஞ்சு காட்டுங்க."

கட்டையில் அவள் தோற்றிருப்பாள். கை திரும்பாவிட்டால் கத்தி திரும்பாது, எவ்வளவு பிடிவாதம் இருந்தாலும் சரி. வாளி அப்படியல்ல. ராக்கம்மா சேலையைச் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, கையைத் தோளிலிருந்து அப்படியே சாய்த்து, ஒரு சொட்டுக் கீழே விழாமல் ஊற்றினாள். வாளியை வைத்துவிட்டுப் பேராசிரியரைப் பார்த்துச் சிரித்தாள். மற்ற ஆறு பேருக்கும் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். குறிப்பெடுக்கும் பெண் கைதட்டினார்.

டொக்டர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். "ஏன்க்கா?" என்றார், மெதுவாக.

"ஒங்களுக்காகத்தாம்மா" என்றாள் ராக்கம்மா, அதைவிட மெதுவாக.

டொக்டர் பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் நிறையச் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், உங்கள் நோயாளிகள் உங்கள் மேல் வைத்திருக்கும் அன்பைப் பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

கடிதம் இரண்டு மாதத்தில் வந்தது. எனக்கு வாசித்துக் காட்டினார். இப்போதைய சிகிச்சையின் பலன்கள் திருப்திகரமாகத் தெரிவதால், ஆய்வுக்கான தேவை போதிய அளவு காட்டப்படவில்லை. எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள். எந்த எதிர்காலம்? இளம் டொக்டர் என்கிற கணக்கு அந்த வருடத்தோடு அவருக்கு முடிந்துவிட்டது.

நான் பின்பக்கம் போய் அந்தப் பழைய கட்டையைத் தேடி எடுத்து வந்தேன். மழையில் ஊறிப் பட்டை பிதுங்கியிருந்தது. விரலை வைத்தால் வெட்டுகள் கூழாகப் போயின. அதை மூலையில் வைத்துவிட்டு, லயத்தில் நான் வைத்த பிரசங்கத்தையும், "நல்லதுதான்" என்று சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்ட வேண்டும். அவ்வளவு பேசத் தெரிந்த மனுசி ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்க கட்டுப் போட்ட பெஞ்சத் தொடச்சிட்டீங்களா அண்ணன்? அடுத்த ஆள் நிக்கிறாரு" என்றார். இன்றுவரை அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு நாலு அறை அறைந்திருந்தால் நான் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன்.

அவர் மேல் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு, சொன்னால் என்ன? அடுத்த வருடம் வெளிநாடு போய்விட்டார். குளிர் நாடு. அங்கே பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறவர்களை ஆராய்ச்சி செய்கிறாராம். யாருக்கு மாவுக்கட்டுப் போதும், யாருக்குக் கம்பி வேண்டும், அதே கேள்வி. கேட்ட முதல் தடவையே காசு கொடுத்துவிட்டார்களாம், வயசும் கேட்கவில்லையாம். எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஒரு வெள்ளைக்காரக் கிழவி மூலையில் நின்று மண்வாரியால் பனி அள்ளுவது போல் செய்து காட்டிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குள்ளே, சாக்கில் நிரப்பிய மணலில். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன், பிறகு போனைக் கட்டிலில் எறிந்தேன். இங்கே விழுகிறவளின் எலும்பும் அதே எலும்புதானே ஐயா? அவளுக்கு இல்லாத காசு பனிக்கு எங்கிருந்து வந்தது?

போன மாதம் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் ராக்கம்மாவைக் கண்டேன். சாமான் பையை இடது தோளில் மாட்டியிருந்தாள். வலது கையைச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தாள். பக்கத்தில் மகள் கைக்குழந்தையோடு நின்றாள். அவளும் பால்தான் வெட்டுகிறாளாம்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"ம்" என்றேன்.

"நம்ம டொக்டரம்மா எங்கண்ணே? கிளினிக்குல காணல. அந்தக் காசு கெடச்சிருச்சா அவங்களுக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நீயும் நானும் சேர்ந்து கெடுத்தோம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய முகத்தைப் பார்த்தால் வாளியைத் தூக்கி ஊற்றிவிட்டுச் சிரித்த அதே முகம். "கெடச்சிருச்சு ராக்கம்மா" என்றேன்.

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல? அன்னைக்கு உசிரு போற மாதிரி வலிச்சிச்சுடி. ஒரு சொட்டு சிந்தலையே." பிறகு என்னிடம் திரும்பி, சேலைக்குள்ளிருந்து அந்தக் கையை வெளியே எடுத்து நீட்டினாள். மணிக்கட்டு முள்ளுக்கரண்டியின் முதுகு மாதிரி வளைந்திருந்தது.

"அப்ப எங்க கையை எப்பண்ணே வந்து பாப்பாங்க?"

உக்குவளை பஸ் வந்தது. நான் பையை வாங்கி முதலில் உள்ளே வைத்தேன், பிறகு அவளை ஏற்றிவிட்டேன். நானும் போக வேண்டிய பஸ்தான். ஏறவில்லை.